விழுந்தப்புறம் நாலு எட்டு நடந்தாங்க, முட்டிதான் வலிக்குதாம்: அம்மாயிக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கணுமா?

காப்பிக்கொட்டை · திங்கள், இரவு 9:12

வணக்கம்ங்க. அவசரமா ஒரு யோசனை வேணும். எங்க அம்மாயிக்கு (அம்மாவோட அம்மா) 81 வயசு. ஏற்காட்டுல நாகலூர் தாண்டி உள்ளே வீடு, மாமா குடும்பத்தோட இருக்காங்க. சனிக்கிழமை காலையில துவைக்கிற கல்லுகிட்ட பாசி வழுக்கி வலது பக்கமா விழுந்திருக்காங்க. மாமா தூக்கிவிட்டப்ப செவுத்தைப் புடிச்சு நாலு எட்டு வெச்சு, கட்டில்ல போய்ப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் கால் ஊனவே முடியலை. "ஒண்ணுமில்லடா, முட்டிதான் புடிச்சிருக்கு"ன்னு சொன்னதால தைலம் தேய்ச்சு, உப்பு ஒத்தடம் குடுத்து விட்டுட்டாங்க.

நேத்து ஒரு இடத்துல காட்டி முழங்கால் எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. எலும்பு நல்லா இருக்கு, வயசான தேய்மானம்தான், ஒரு வாரம் ஓய்வுன்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. இன்னிக்கு நான் சேலத்துலேர்ந்து போய்ப் பார்த்தேன். எனக்குச் சரியாப் படலை. மல்லாந்து படுத்திருக்காங்க. இடது பாதம் கூரையைப் பாக்குது. வலது பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு கட்டில் சட்டத்தைத் தொடுது. ரெண்டு கால்லயும் வெள்ளிக் காப்பு போட்டிருப்பாங்க (தாத்தா போனப்பக்கூட கழட்ட மாட்டேன்னு ஊரையே எதிர்த்து நின்னவங்க). ரெண்டு காப்பும் ஒரே மட்டத்துல இல்லை. வலது காப்பு ஒரு விரல் மேல நிக்குது. தொடையைத் தூக்குங்கன்னா குதிகால் மெத்தையை விட்டுக் கிளம்பவே மாட்டேங்குது.

நடந்தாங்களே, அப்போ முறிவா இருக்காதுன்னு மாமா சொல்றார். நான் வீணா பயப்படறேனா?

எலும்பு_ஓபி · திங்கள், இரவு 9:31

பேர் வேண்டாம், சேலத்துல எலும்பு ஓபி பாக்கறவன்னு மட்டும் வெச்சுக்குங்க. ஆளைப் பாக்காம முடிவு சொல்றது எனக்குப் பழக்கமில்லை. ஆனா கால் வெளிய திரும்பியிருக்கு, குட்டையாகியிருக்கு, மூணு நாளா ஊன முடியலைன்னு நீங்களே எழுதிட்டீங்க. இதுக்கு மேல இடுப்பு மூட்டுல முறிவுன்னு வெச்சுக்கிட்டுதான் எல்லாம் பண்ணணும், எக்ஸ்ரே இல்லைன்னு சொல்ற வரைக்கும்.

இடுப்புன்னு நாம சொல்றது வேட்டி கட்டுற இடம். இந்த முறிவு அங்க இல்லை. கவட்டிக்குப் பக்கத்துல, தொடை எலும்போட மேல்முனையில. அதனாலதான் "இடுப்பு வலிக்குதா ஆயா?"ன்னு கேட்டா இல்லைம்பாங்க. "கவட்டியில வலிக்குதா?"ன்னு கேட்டுப் பாருங்க. முட்டி வலி இதுல பெரிய ஏமாத்து. இடுப்பு மூட்டுக்குப் போற நரம்போட கிளையே முழங்காலுக்கும் போகுது, அடி மேல பட்டாலும் வலி கீழ தெரியும். முட்டியை மட்டும் படம் எடுத்து அனுப்பி, ஒரு வாரம் கழிச்சு மறுபடி வர்றவங்களை நான் வருஷாவருஷம் பாக்கறேன்.

நடந்தாங்கங்கறதும் சாட்சியில்லை. தொடை எலும்போட கழுத்து (மேல்முனைப் பந்துக்குக் கீழ இருக்கற ஒல்லியான பகுதி) முறியறப்ப சில நேரம் ஒரு துண்டு இன்னொண்ணுக்குள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிக்கும். நாலு எட்டு என்ன, நாலு நாள்கூட நொண்டி நடப்பாங்க. அப்புறம் ஒருநாள் புரண்டு படுக்கறப்ப நழுவும். அன்னைக்குத்தான் கால் திரும்பும்.

இப்போ நடக்க வைக்காதீங்க, உட்கார வைக்க முயற்சி பண்ணாதீங்க. தேய்க்கறது, நீவறது, இழுத்து நேராக்கறது எதுவும் கூடாது. கால் எப்படி இருக்கோ அப்படியே விட்டு ரெண்டு காலுக்கும் நடுவுல தலைகாணி வெச்சு, துண்டால தளர்வா சேர்த்துக் கட்டுங்க. 108-க்கு இப்பவே அடிங்க. சாப்பிடற மாத்திரை அத்தனையும் அட்டையோட ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி · திங்கள், இரவு 9:50

தம்பி, டாக்டர் பயமுறுத்தறதைக் கேட்டுப் பதறாதே. 81 வயசு உடம்புல கத்தி வெச்சா எழுந்திருக்கவா போறாங்க? எங்க பெரியப்பாவுக்கு முன்னங்கை ஒடிஞ்சப்ப புத்தூர் கட்டுதான். முட்டை வெள்ளையும் மூங்கில் பத்தையும் வெச்சு மூணு கட்டுல கூடிடுச்சு. இன்னிக்கும் பட்டறையில உக்காந்து கொலுசுக்குத் திருகாணி போடறார். வயசானவங்களைப் படுக்கையில வெச்சு நல்லாப் பாத்துக்கிட்டா தானா கூடும்.

குகை_தறி · திங்கள், இரவு 10:20

வெள்ளி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்ன அதே யோசனையைக் கேட்டுத்தான் நான் எங்கப்பாவை இழந்தேன்.

அப்பா குழித்தறியில அம்பது வருஷம் உக்காந்தவர். 76 வயசுல ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவர் தறிக்குழியில கால் வெச்சுட்டார். எக்ஸ்ரேல முறிவு தெரிஞ்சுது. ஆபரேஷன்னாங்க, நாங்க பயந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கால்ல செங்கல் கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம்னு ஒருத்தர் சொன்னார், அப்படியே செஞ்சோம். புரட்டினா கத்துவார், அதனால புரட்டலை. பத்தாம் நாள் முதுகுக்கடியில, வாலெலும்புகிட்ட, ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவப்பு. பதினஞ்சாம் நாள் அது உள்ளங்கை அளவுக்குக் குழி. வலி தெரியும்னு தண்ணி குடிக்க மாட்டார், குடிச்சா ஒண்ணுக்கு வருமாம். மூணாம் வாரம் சளி கட்டிச்சு, மார்ல கர்கர்னு சத்தம். நாப்பதாவது நாளைப் பாக்கலை அவர். எலும்பு முறிஞ்சு யாரும் சாகறதில்லைங்க. படுத்துப் படுத்துத்தான் சாகறாங்க.

எலும்பு_ஓபி · திங்கள், இரவு 10:41

குகை_தறி ஐயா எழுதினதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா கட்டு பத்தி வெள்ளி அண்ணனுக்குப் பதில் சொல்லணும், ஏன்னா இதை எல்லாரும் கேக்கறாங்க.

முன்னங்கையில எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கு. மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துக் கட்டினா அசையாது, கூடவும் செய்யும். இடுப்பு மூட்டு நாலு விரல்கடை சதைக்குள்ள இருக்கு. மேல எதைச் சுத்தினாலும் உள்ள எலும்பு பாட்டுக்கு ஆடிக்கிட்டேதான் இருக்கும். அடுத்தது ரத்த ஓட்டம். தொடை எலும்போட பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்து வழியாத்தான் ஏறுது. கழுத்து முறிஞ்சு நழுவினா அந்தக் குழாய்களும் அறுந்துடும், பந்து பட்டுப்போகும். பட்டுப்போன கிளைக்கு எத்தனை கட்டுப் போட்டா என்ன? அதனாலதான் வயசானவங்களுக்கு நழுவின கழுத்து முறிவுன்னா பந்தை எடுத்துட்டு உலோகப் பந்து வைக்கறோம். நழுவாம இறுகியிருந்தா மூணு திருகாணியில முடிச்சுடலாம் (உங்க பட்டறைத் திருகாணி இல்லைண்ணே). கழுத்துக்குக் கீழ, எலும்பு அகலமா இருக்கற இடத்துல முறிஞ்சா அங்க ரத்த ஓட்டம் உண்டு, கூடும். ஆனா கோணலாக் கூடும், அதுவரைக்கும் படுக்கை. அதுக்குத்தான் உள்ளே ராடு.

கூடறதுக்காக மட்டும் நாங்க ஆபரேஷன் பண்றதில்லை. மறுநாள் உக்கார வைக்கறதுக்காகப் பண்றோம். ஆபரேஷன் நடந்தாலும் ஆபத்து போயிடாது, அதையும் மறைக்கக் கூடாது. இடுப்பு முறிஞ்ச முதியவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தர்லேர்ந்து நாலுல ஒருத்தர் வரைக்கும் இறந்துடறாங்க. முறிவை விட அவங்களுக்கு முன்னாடியே இருந்த நெஞ்சு, நுரையீரல், சத்துக்குறைவு எல்லாம் சேர்ந்து இழுக்கும். சாகற தறுவாயில இருக்கற நோயாளிக்கு ஆபரேஷன் வேண்டாம், வலியை மட்டும் பாத்துக்குவோம்னு முடிவெடுக்கறதும் சரியான வைத்தியம்தான். ஆனா "வயசாச்சு"ங்கறது மட்டும் காரணம் இல்லை.

காப்பிக்கொட்டை · செவ்வாய், காலை 6:05

சேலம் வந்துட்டோம். 108 வண்டி தார் ரோட்டோட நின்னுடுச்சு, அங்கேர்ந்து வீட்டுக்கு காப்பித் தோட்டத்து வழியா ஒத்தையடிப் பாதை. கயித்துக் கட்டிலோட நாலு பேர் தூக்கினோம். முன்னாடி ஒரு பையன் செல்போன் வெளிச்சம் காட்டிக்கிட்டே போனான். மூடுபனியில ரெண்டு அடிக்கு மேல எதுவும் தெரியலை. அம்மாயி ஒரு சத்தம் போடலை. மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் என் கையைப் புடிச்சு நசுக்கினாங்க, அதான் கணக்கு. அடிவாரம் வந்ததும் என் விரல் மரத்துப்போச்சு.

ரெண்டு இடுப்பும் தெரியற மாதிரி எக்ஸ்ரே எடுத்தாச்சு. வலது பக்கம் கழுத்து முறிவு, நழுவியிருக்கு. நேத்து ராத்திரி இங்க எழுதாம இருந்திருந்தா இன்னும் ஒரு வாரம் தைலம் தேய்ச்சிருப்போம்.

ஓமலூர்_மருமகள் · செவ்வாய், காலை 7:30

நல்ல வேளை தம்பி. என் மாமியாருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே கதை, ஆனா அவங்களுக்கு முதல் எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியலை. கால் திரும்பலை, குட்டையாகலை, ஆனா ஊனினா அலறுவாங்க. அப்புறம் எம்.ஆர்.ஐ எடுத்தப்பதான் மயிர்க்கோடு மாதிரி ஒரு கீறல். படம் சுத்தமா இருந்தாலும் கால் ஊன முடியலைன்னா விடக்கூடாதுன்னு அன்னிக்குக் கத்துக்கிட்டேன்.

செலவு பத்தி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா எடுத்துக்கலாம். அட்டை வீட்டுலயே இருந்தா இப்பவே போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அனுமதி வாங்க எக்ஸ்ரேயும் ரேஷன் கார்டும் கேப்பாங்க. அரசு ஆஸ்பத்திரின்னா மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலயே எலும்புப் பிரிவு இருக்கு. இன்னொண்ணு, "48 மணி நேரம் இலவசம்"னு யாராவது சொல்வாங்க, எங்களுக்கும் சொன்னாங்க. அது சாலை விபத்துக்கான திட்டம். வீட்டுல வழுக்கி விழுந்ததுக்கு வராது.

காப்பிக்கொட்டை · செவ்வாய், மதியம் 1:15

அட்டை இருக்குக்கா, மாமா அனுப்பிட்டார். இப்போ வேற குழப்பம். அம்மாயி ரத்தம் கட்டிக்காம இருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடறாங்க, மூணு வருஷமா. "அதை நிறுத்தி ஏழு நாள் கழிச்சுத்தான்"னு ஒருத்தர் சொல்றார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணும், அதுக்கு ஆள் வியாழக்கிழமைதான் வருவாராம். காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடுக்கலை, "எப்ப வேணா கூப்பிடுவோம்"ங்கறாங்க. வலிக்குக் கால்ல ரெண்டு கிலோ எடை தொங்கவிட்டிருக்காங்க.

எலும்பு_ஓபி · செவ்வாய், மதியம் 2:02

எங்க இருக்கீங்கன்னு நான் கேக்கலை, நீங்களும் சொல்ல வேண்டாம். அங்க இருக்கற டாக்டர்கிட்ட மரியாதையா, ஆனா விடாம, கேக்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதறேன்.

க்ளோபிடோக்ரெல்லுக்காக ஒரு வாரம் காத்திருக்கறது பழைய பழக்கம். இப்போ இருக்கற வழிகாட்டு நெறிகள் அதுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்னுதான் சொல்லுது. முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கறதா, முழு மயக்கமாங்கறதை மயக்க டாக்டர் அதைப் பொறுத்து மாத்திக்குவார். எக்கோ தேவைப்படறவங்க உண்டு: மூச்சு வாங்கறவங்க, நெஞ்சுல புதுசா முணுமுணுப்புச் சத்தம் கேக்கறவங்க. ஆனா வயசுக்காக மட்டும்னு எக்கோவுக்கு ரெண்டு நாள் காத்திருந்தா, எக்கோ குடுக்கற நன்மையை விட அந்த ரெண்டு நாள் பண்ற கெடுதல் பெரிசு. "இதயத்துல எதைப் பாத்துத் தயங்கறீங்க டாக்டர்?"னு கேளுங்க. அந்தக் கேள்விக்கே சில நேரம் தேதி முன்னாடி வந்துடும்.

பிரிட்டன்ல 2011-லயே சொல்லிட்டாங்க, சேர்ந்த அன்னைக்கோ மறுநாளோ ஆபரேஷன்னு. அப்போ இன்னும் வேகமாப் பண்ணினா? 2020-ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இந்தியாவும் சேர்த்து 17 நாடு, 2970 நோயாளிங்க. முறிவு உறுதியான ஆறு மணி நேரத்துல பண்ணினவங்களையும் வழக்கமான வேகத்துல, ஏறக்குறைய ஒரு நாள்ல, பண்ணினவங்களையும் ஒப்பிட்டாங்க. இறப்புல பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா வேகமாப் பண்ணினவங்க சீக்கிரம் எழுந்து நின்னாங்க, மனக்குழப்பமும் குறைஞ்சுது. அதனால ஓடிப் பதற வேண்டியதில்லை, ஆனா வியாழன், வெள்ளின்னு தள்ளறதுக்கும் அது சாக்கு இல்லை. உங்களுக்கு சனிக்கிழமையிலேர்ந்தே கடிகாரம் ஓடுது.

தண்ணி: கெட்டியான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணிக்கு ரெண்டு மணி நேரம் இடைவெளி போதும். இன்னிக்கு ஆபரேஷன் இல்லைன்னு உறுதியானா உடனே கஞ்சி குடுக்கச் சொல்லுங்க. நாள் முழுக்கப் பட்டினி போட்டு ராத்திரி "நாளைக்கு"ன்னு சொல்றது நம்ம பக்கம் நிறைய நடக்குது. வறண்டுபோன உடம்புதான் ராத்திரி குழம்பும். எடை தொங்கவிடறதால வலி குறையறதா ஆய்வுகள்ல காணோம். கவட்டிக்குக் கீழ நரம்புக்கு மரத்துப்போற ஊசி போடுவாங்க, மயக்க டாக்டர்கிட்ட கேளுங்க. அது போட்டா அரை மணியில முகம் மாறும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி · செவ்வாய், மாலை 6:40

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க டாக்டர். உலோகப் பந்துக்கு சிமெண்ட் வைப்பாங்களாமே. உடம்புக்குள்ள சிமெண்டா? இம்போர்ட்டட் பந்துதான் நல்லது, உள்ளூர்ப் பந்து துருப்பிடிக்கும்னும் பட்டறையில ஒருத்தன் சொல்றான்.

எலும்பு_ஓபி · செவ்வாய், இரவு 8:15

சங்ககிரியிலேர்ந்து லாரியில வர்ற சிமெண்ட் இல்லைண்ணே. பல்செட் செய்யற அக்ரிலிக் ஜாதி. மாவு மாதிரி பிசைஞ்சு எலும்புக்குள்ள வெச்சா பத்து, பதினஞ்சு நிமிஷத்துல இறுகிடும். சன்னமான எலும்புக்கு அது நல்லது, மறுநாளே முழு எடை ஊனலாம், தொடை வலியும் குறைவு. துரு ரெண்டுலயும் பிடிக்காது. எந்த நாட்டுப் பந்துன்னு கவலைப்படற நேரத்துல எந்தக் கிழமை ஆபரேஷன்னு கவலைப்படலாம்.

மட்டறுத்துனர் · செவ்வாய், இரவு 8:30

ஆஸ்பத்திரி பேர் போட்டுப் புகார் எழுதின மூணு பதிவை எடுத்துட்டேன். புகாருக்கு வேற வழி இருக்கு. இழை நல்லாப் போகுது, அப்படியே போகட்டும்.

காப்பிக்கொட்டை · புதன், மாலை 5:48

முடிஞ்சுதுங்க. கேள்வி கேட்டதும் காரியம் நடந்துது: மயக்க டாக்டர் நேர்ல வந்து பாத்தார், மூச்சு சத்தம் கேட்டார், ஈ.சி.ஜி. பாத்தார், எக்கோ வேண்டாம்னுட்டார். காலையில முதல் ஆளா எடுத்துட்டாங்க.

ஒரே ரகளை காப்புக்குத்தான். உடம்புல உலோகம் இருக்கக்கூடாது, கரண்ட் வெச்சு ரத்தக் குழாயை அடைக்கறப்ப சுடும்னு சிஸ்டர் சொன்னாங்க. இடது காப்பு சோப்பு போட்டதும் வந்துடுச்சு. வலது கால் வீங்கிக் கிடக்கு, அசையலை. வெட்டணும்னாங்க. நாலு நாளா முறிஞ்ச காலோட அழாத அம்மாயி அதுக்கு அழுதாங்க. கல்யாணத்தன்னைக்கு அவங்கப்பா பூட்டினதாம். கடைசியில "வெட்டறவன் நேரா வெட்டணும், ஒட்ட வைக்கணும்"னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ரெண்டு துண்டும் இப்ப என் சட்டைப் பையில இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி · புதன், மாலை 6:10

கொண்டா தம்பி. நானே பத்தவெச்சுத் தர்றேன். கூலி பேசாதே.

நடைபழகு · வியாழன், காலை 10:20

பிசியோ வேலை பாக்கறேன், அஸ்தம்பட்டி பக்கம். இன்னிக்கே உக்கார வெச்சாங்களான்னு பாருங்க. மறுநாள் கட்டில் ஓரத்துல கால் தொங்கப் போட்டு உக்காரணும், முடிஞ்சா வாக்கரைப் புடிச்சு ஒரு நிமிஷம் நிக்கணும். "வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம்"னு வீட்டுக்காரங்கதான் தடுப்பாங்க, நோயாளி இல்லை. பிசியோ வர்றதுக்கு அரை மணி முன்னாடி வலி மாத்திரை குடுக்கச் சொல்லுங்க.

பந்து மாத்தினவங்களுக்கு சில கட்டுப்பாடு உண்டு, உங்க டாக்டர் எந்தப் பக்கமா வெட்டினார்ங்கறதைப் பொறுத்து மாறும். பொதுவா ஆறு வாரமாவது, சிலர் மூணு மாசம்: தரையில சம்மணம் போடக்கூடாது, குந்தக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது, முட்டி இடுப்புக்கு மேல வர்ற மாதிரி தாழ்வான ஸ்டூல்ல உக்காரக்கூடாது. படுக்கறப்ப ரெண்டு காலுக்கும் நடுவுல தலைகாணி. நம்ம ஊர்ல இதோட அர்த்தம் ஒண்ணுதான்: கக்கூஸை மாத்தணும். மலை வீட்டுல என்ன இருக்கு?

காப்பிக்கொட்டை · வெள்ளி, அதிகாலை 3:20

யாராவது முழிச்சிருக்கீங்களா. அம்மாயிக்கு மூளை கலங்கிடுச்சுங்க. சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தாங்க, நின்னாங்ககூட. பன்னெண்டு மணிக்கு மேல என்னைப் பாத்து, செத்துப்போன அவங்க அண்ணன் பேர் சொல்லி, "மிளகுக்கொடி எல்லாம் தண்ணியில போகுது, ஏணியை எடு"ங்கறாங்க. கையில ஏத்தின ஊசியைப் பிடுங்கிட்டாங்க, கட்டில்லேர்ந்து இறங்கப் பாக்கறாங்க. சிஸ்டர் கையைக் கட்டிடலாமான்னு கேக்கறாங்க. மயக்க மருந்து மண்டையில ஏறிடுச்சா? இனிமே இப்படியேவா?

ஓமலூர்_மருமகள் · வெள்ளி, அதிகாலை 3:34

முழிச்சிருக்கேன் தம்பி. பயப்படாதே, என் மாமியார் ரெண்டாம் ராத்திரி என்னைத் திருடின்னு சொல்லி வார்டையே எழுப்பினாங்க. மூணு நாள்ல தெளிஞ்சாங்க. கட்ட வேண்டாம், கட்டினா இன்னும் மூர்க்கமாவாங்க. நீ பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கோ. ஏணி இல்லைன்னு வாதாடாதே. "எடுத்தாச்சு அம்மாயி, தண்ணி வடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லு. கண்ணாடி போட்டிருந்தாங்கன்னா மாட்டி விடு. ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

காப்பிக்கொட்டை · வெள்ளி, அதிகாலை 4:10

கண்ணாடி ஆபரேஷன் அன்னைக்குக் கழட்டி பையில வெச்சதோட சரி. இப்ப மாட்டினேன். "நீயாடா"ன்னாங்க. படுத்திருக்காங்க.

எலும்பு_ஓபி · வெள்ளி, காலை 7:05

மருமகள் அக்கா செஞ்சது சரியான வைத்தியம். இது பைத்தியமும் இல்லை, நிரந்தரமும் இல்லை பெரும்பாலும். இடுப்பு முறிஞ்ச முதியவங்களுக்கு ரொம்ப சகஜம். ஆனா பின்னாடி காரணம் இருக்கும், தேடணும்: வலி அடங்கலையா, ஒண்ணுக்கு அடைச்சிருக்கா, டியூப்ல சீழ் பிடிச்சிருக்கா, மலச்சிக்கலா, சோடியம் குறைஞ்சுதா, சளியா. காலையில ரவுண்ட்ஸ்ல "ராத்திரி குழம்பினாங்க"ன்னு முதல் வரியாச் சொல்லுங்க. யூரின் டியூப் இன்னும் இருந்தா எப்ப எடுப்பீங்கன்னு கேளுங்க. தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீங்க, கூடும். பகல்ல ஜன்னலோரம் உக்கார வைங்க.

நிரந்தரம் இல்லைன்னாலும் சாதாரணமும் இல்லை. சிலருக்கு மறதி இதுக்கப்புறம் கூடறது உண்டு. கவனிச்சுக்கிட்டே இருங்க.

காப்பிக்கொட்டை · ஏழு வாரம் கழிச்சு

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மாயி இப்ப அம்மாபேட்டையில எங்க வீட்டுல. வாக்கர்ல வாசல் வரைக்கும் போறாங்க, பால்காரரோட சண்டை போடற அளவுக்குத் தெளிவு. குழப்பம் நாலு நாள்ல போயிடுச்சு, யூரின்ல தொற்றுதான் காரணம். தையல் பிரிச்சாச்சு. ஆனா டிஸ்சார்ஜ் சீட்டுல கால்சியம் மாத்திரை தவிர எலும்புக்குன்னு எதுவும் இல்லை. கேட்டா "எலும்பைத்தான் மாத்திட்டோமே"ங்கறாங்க. அவ்வளவுதானா?

எலும்பு_ஓபி · மறுநாள்

மாத்தினது ஒரு பந்து. மிச்ச இருநூறு எலும்பு பழசுதானே. நின்ன உயரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு முறிஞ்சா, டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பாக்கறது) எடுக்காமலேயே எலும்பு மெலிவு நோய்னு சொல்லிடலாம். இடது இடுப்பு அடுத்து. எங்க துறையோட பெரிய ஓட்டை இது: முறிஞ்சதைச் சரி பண்ணி அனுப்புவோம், ஏன் முறிஞ்சுதுன்னு கேக்க மாட்டோம். நானும் பத்து வருஷம் அப்படித்தான் அனுப்பினேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை நரம்புல ஏத்தற ஜோலெட்ரானிக் அமிலம்னு ஒரு மருந்து, 5 மில்லிகிராம். இடுப்பு முறிவு ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கே 2007-ல ஆய்வு பண்ணினாங்க. அடுத்த முறிவு 35 சதவீதம் குறைஞ்சுது, இறப்பு 28 சதவீதம் குறைஞ்சுது. போடறதுக்கு முன்னாடி கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்), கால்சியம், வைட்டமின் டி பாக்கணும். டி குறைவா இருந்தா முதல்ல அதை ஏத்தணும். போட்ட அன்னைக்கு ஒருநாள் ரெண்டுநாள் காய்ச்சல், உடம்பு வலி வரும். ஊசி ஒத்துக்காதவங்களுக்கு வாரம் ஒரு மாத்திரை இருக்கு: வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கி, அரை மணி நேரம் படுக்காம இருக்கணும். படுத்தா உணவுக்குழாய் புண்ணாகும்.

கால்சியத்துக்கு மாத்திரை மட்டும் வேண்டியதில்லை. உங்க மலையில களி கிண்டுவாங்களே. 100 கிராம் கேழ்வரகுல ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். கூட முட்டை, பயறு. வயசானவங்க ரசஞ்சோறுல பொழுதை ஓட்டுவாங்க, விடாதீங்க, தசை இல்லாத காலு மறுபடி விழும்.

நடைபழகு · அதே நாள்

ஏன் விழுந்தாங்கன்னும் பாக்கணும். பாசின்னு சொல்லிட்டோம். ஆனா அந்தக் கல்லுல அறுபது வருஷமா துவைக்கறவங்க அன்னிக்கு ஏன் வழுக்கினாங்க? படுத்துக்கிட்டு ஒரு தடவை, எழுந்து நின்ன மூணாவது நிமிஷம் ஒரு தடவை பி.பி. பாருங்க. 20 பாயிண்ட் இறங்கினா பி.பி. மாத்திரையைக் குறைக்கறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. கண்ணுல புரை இருக்கா? ராத்திரி தூக்க மாத்திரை உண்டா? மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க, உங்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பதிஞ்சு வைங்க.

காப்பிக்கொட்டை · மூணு நாள் கழிச்சு

பி.பி. படுத்தா 148, நின்னா 116! மாத்திரையைப் பாதியாக்கிட்டாங்க. இடது கண்ணுல புரை முத்தியிருக்கு, அதுக்கும் தேதி வாங்கியாச்சு. ஜோலெட்ரானிக் அடுத்த மாசம், இப்ப டி ஏத்திக்கிட்டு இருக்கோம்.

மலைக்குப் போகணும்னு தினமும் சண்டை. மாமா வீட்டுல வெஸ்டர்ன் கக்கூஸ் வெச்சுட்டார், செவுத்துல பைப் அடிச்சுட்டார். கட்டில்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் ராத்திரி எரியற விளக்கு போட்டாச்சு. துவைக்கிற கல்லை மட்டும் எடுக்கவிட மாட்டேங்கறாங்க. சுத்தி சொரசொரப்பா சிமெண்ட் பூசலாம்னு பேச்சுவார்த்தை.

குகை_தறி · அதே நாள்

நானும் தறிக்குழிக்கு மேல பலகை போட்டுட்டேன் தம்பி. இப்ப அம்மா மட்டும்தான் இருக்காங்க.

காப்பிக்கொட்டை · நாலு மாசம் கழிச்சு

மலை ஏறியாச்சு. வாக்கர் நாலு காலும் அடி ரப்பர் தேஞ்சு, ஒண்ணுல உலோகமே தரையைத் தொடுது, சிமெண்ட் தரையில கிறீச்சுங்குது. ரப்பர் மட்டும் தனியாக் கிடைக்குமா, புது வாக்கரே வாங்கணுமா?

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி · அதே நாள், இரவு

ரப்பர் தனியாக் கிடைக்கும் தம்பி, மருத்துவ சாமான் விக்கற கடையில கேளு. பழசைக் கழட்டிக் கையோட கொண்டா, குழாய் கனத்துக்குத் தகுந்த மாதிரி அளவு மாறும். எங்கம்மாவுக்கு நான் போன மாசம்தான் வாங்கினேன், அவங்களுக்கும் வாக்கர்தான், முட்டி.

வர்றப்ப அம்மாயியோட வலது கணுக்கால் சுத்தளவை ஒரு நூல்ல எடுத்துட்டு வா. காப்பை முன்ன மாதிரி முழு வளையமாப் பத்தவைக்கலை, ஒரு பக்கம் திருகாணி வெச்சுத் திறக்கற மாதிரி பண்ணியிருக்கேன். காலையில அளக்காதே, சாயங்காலம் அளந்துக்கோ. வீக்கம் அப்பத்தான் கூட இருக்கும்.